உத்தரவு கேடயமாகுமா?

யுத்தம் என்றால் கொலை சகஜந்தானே, அதில் நியாயம் எது, அநியாயம் எது என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். மேலுக்கு இது உலகம் அறிந்தவர் பேச்சைப் போலத் தோன்றும். உண்மையிலோ, கொலைகாரனுக்கு இதைவிட உபயோகமான பேச்சு வேறில்லை. களத்தில் ஆயுதமேந்தி எதிர்நிற்பவனைச் சுடுவது ஒன்று. அவன் ஆயுதத்தைக் கீழே போட்டுக் கைதியாகி, தன் பெயரையும் பதவியையும் சொல்லி, நம் காவலில் இரவைக் கழித்த பிறகு, விடியற்காலையில் அவனை வரிசையில் நிறுத்திச் சுடுவது வேறொன்று. முன்னது யுத்தம், பின்னது கொலை. ஆயுதமிழந்தவனை அடிக்கலாகாது என்பதை நம் இதிகாசங்களைக் கேட்டு வளர்ந்த சிறுவனும் அறிவான். நித்திரையிலிருந்தவர்களைப் பாசறை புகுந்து கொன்ற அசுவத்தாமனை உலகம் வீரனென்று கொண்டாடவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்த வேற்றுமையை ஒரு காகிதத்தினால் அழித்துவிடலாம் என்று எண்ணினார்கள். அந்தக் காகிதத்தின் வரலாற்றையும், அதனால் மாண்டவர்களுக்கு நியாயம் தேடியவர்களின் வரலாற்றையும் நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். எண்பது வருஷத்துப் பழங்கதை என்று இதைத் தள்ளிவிடுதல் கூடாது. "மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்வேன்?" என்ற சொல் இன்றும் உலகில் எல்லாப் பாஷைகளிலும் கேட்கிறது.

பன்னிரண்டு பிரதிகள்

கமாண்டோக்கள் என்போர் சிறு சிறு கூட்டமாகக் கடல் வழியாகவோ ஆகாய மார்க்கமாகவோ பகைவன் வசமுள்ள பிரதேசத்தில் இறங்கி, பாலம், ரயில் பாதை, மின்சார நிலையம் முதலியவற்றைத் தகர்த்துவிட்டுத் திரும்பும் துருப்பினர். 1942-ம் வருஷம் அக்டோபர் மாதம் 18-ந் தேதி ஹிட்லர் கையொப்பமிட்ட உத்தரவு ஒன்று இவர்களைக் குறித்துப் பிறந்தது. இத்தகையோர் ராணுவ உடுப்பு அணிந்திருந்தாலும் சரி, ஆயுதம் ஏந்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, சண்டையிலோ ஓட்டத்திலோ கடைசி மனிதன் வரை அழிக்கப்பட வேண்டும். சரணடைய முன்வந்தாலும் அபயம் அளிக்கலாகாது. வேறு வழியாகச் சைன்யத்தின் கையில் சிக்கியவர்களை உடனே இரகசியப் போலீசாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இதை நிறைவேற்றத் தவறும் அதிகாரிகள் ராணுவச் சட்டப்படி பொறுப்பாளிகளாவர் என்ற மிரட்டலும் அதிலேயே சேர்ந்திருந்தது.

இதற்கு ஜெர்மானியர் கூறிய காரணத்தையும் மறைக்காமல் சொல்வது நம் கடமை. அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் டியெப் துறைமுகத்தின்மேல் நடந்த தாக்குதலின்போது, பிடிபடும் ஜெர்மானியரின் கைகளைக் கட்டும்படி நேசப் படையினருக்கு எழுதப்பட்ட கட்டளை ஒன்று ஜெர்மானியர் வசமாயிற்று. அக்டோபர் தொடக்கத்தில் சார்க் தீவில் இறங்கிய பிரிட்டிஷ் கமாண்டோக்கள் கைதிகளின் கைகளைக் கட்டினர். அவர்களில் சிலர் கட்டிய கையுடனேயே கொல்லப்பட்டனர். தப்பியோட முயன்றபோது அவ்வாறு நேர்ந்தது என்பது பிரிட்டிஷார் கட்சி. இச்சம்பவத்தை நாம் பின்னர் மறுபடியும் எடுத்துக்கொள்வோம்.

ஆனால் ஒருவன் செய்த பிழைக்கு வேறொருவனைக் கொல்லும் உரிமையை எந்தச் சட்டம் வழங்கிற்று? 1907-ம் வருஷத்து ஹேக் விதிகளின் 23-ம் பிரிவு, சரணடைந்த பகைவனைக் கொல்லுவதையும், எவருக்கும் அபயமில்லை என்று அறிவிப்பதையும் ஒருங்கே தடுத்திருந்தது. 1929-ம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தம் யுத்தக் கைதிகள்மேல் பழிவாங்குவதை அறவே விலக்கியிருந்தது. இவ்விரண்டுக்கும் ஜெர்மனி கட்டுப்பட்ட தேசமே.

அவர்கள் இதை அறியாதவர்களும் அல்லர். அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் காகிதமே ருஜு. மொத்தம் பன்னிரண்டு பிரதிகளே தயாராயின. தளபதிகளுக்கு மாத்திரம் உரியது, எக்காரணத்தாலும் பகைவர் கையில் சிக்கலாகாது என்ற எச்சரிக்கையுடன் ஜெனரல் ஜோடல் அதை அனுப்பிவைத்தார். நியாயமான உத்தரவுக்கு இத்தனை மறைவு எதற்கு? பழிக்குப் பழி என்று சொல்லுகிறவன் அதைப் பகிரங்கமாகச் செய்தாலன்றோ எதிரி அஞ்சித் திருந்துவான்? ஒளித்துச் செய்யும் காரியத்திற்குப் பழிவாங்கல் என்ற பெயர்கூடப் பொருந்தாது.

மாண்டவர்கள்

நார்வேயில் குளோம்பியோர்டு மின்சார நிலையத்தைத் தகர்த்த கமாண்டோக்களில் ஏழு பேர் 1942 செப்டம்பரிலேயே பிடிபட்டவர்கள். அவர்கள் கைதியானபோது இந்த உத்தரவு பிறக்கவே இல்லை. ஆயினும் அக்டோபர் 23-ந் தேதி ஸாக்ஸன்ஹௌஸன் முகாமில் அந்த எழுவரும் சுடப்பட்டனர். செய்த காலத்தில் குற்றமல்லாததற்குப் பின்னால் எழுதிய கட்டளையினால் தண்டனை! சட்டம் படித்த எவருக்கும் இந்த ஒன்றே போதும்.

நவம்பர் 19-ந் தேதி இரவு, நார்வேயிலுள்ள வெமார்க் கனநீர் ஆலையை அழிக்கும்பொருட்டு இரண்டு கிளைடர் விமானங்களில் முப்பத்துநான்கு பேர் அனுப்பப்பட்டனர். இரண்டும் வழியிலேயே விழுந்து நொறுங்கின. விழுந்து பிழைத்தவர்கள் இருபத்துமூவர். அனைவரும் உடுப்பணிந்த சிப்பாய்கள். பதினால்வரை மறுநாளே சுட்டனர். ஐவரை ஜனவரி வரை காவலில் வைத்திருந்து சுட்டனர். படுகாயமுற்றுக் கிடந்த நால்வரை ஸ்டாவாங்கர் நகரில் இரகசியப் போலீசார் ஊசி போட்டும் வேறு விதமாகவும் கொன்று கடலில் எறிந்தனர். நடக்கவும் மாட்டாதவன் தப்பியோட முயன்றான் என்று இங்கே யாரும் சொல்லிவிட முடியாது.

டிசம்பர் மாதம், சிறு தோணிகளில் ஆறேறிச் சென்று போர்டோ துறைமுகத்துக் கப்பல்களுக்கு வெடி வைத்த பிரிட்டிஷ் கடற்படைச் சிப்பாய்கள் பதின்மரில் அறுவர் இவ்வாறே சுடப்பட்டனர். அவர்களில் இருவரைச் சுட்ட செய்தியைப் பதிவு செய்த ஜெர்மன் கடற்படைத் தலைமையின் குறிப்பேடு, இவர்கள் உடுப்பிலிருந்தபடியால் இது சர்வதேசச் சட்டத்தில் ஒரு புதுமை என்று எழுதி வைத்தது. எழுதியவன் கைக்கும் உண்மை தெரிந்திருந்தது.

பூந்தா பியாங்கா

இத்தகைய சம்பவங்களில் ஒன்றைச் சற்று விரிவாகக் கவனிப்போம். நம் வாதத்திற்கு வேண்டியதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

1944-ம் வருஷம் மார்ச் 22-ந் தேதி இரவு, அமெரிக்கத் துருப்பினர் பதினைந்து பேர், இருவர் அதிகாரிகள், பதின்மூவர் சிப்பாய்கள், கார்ஸிகா தீவிலிருந்து படகேறி இத்தாலியக் கரையில் இறங்கினர். லா ஸ்பெஸியாவுக்கும் ஜெனோவாவுக்கும் இடையேயுள்ள ரயில்வே சுரங்கத்தை அடைத்து, ஜெர்மன் சைன்யத்துக்குச் செல்லும் சாமான்களைத் தடுப்பது அவர்கள் நோக்கம். அனைவரும் அமெரிக்க ராணுவ உடுப்பே அணிந்திருந்தனர். 24-ந் தேதி பிடிபட்டனர். செய்தி, அப்பிரதேசத்து 75-வது ஜெர்மன் படைப்பிரிவின் தளபதி ஜெனரல் ஆண்டன் டோஸ்ட்லருக்குப் போயிற்று. சுட்டுவிடுக என்று தந்தி வந்தது.

கைதிகளை வைத்திருந்த பிரிகேட் அதிகாரிகளுக்கு இது நெஞ்சில் தைத்தது. அதன் தலைவர் கர்னல் ஆல்மர்ஸ் டெலிபோனில் மன்றாடித் தண்டனையைத் தள்ளிவைக்க முயன்றார். பயனில்லை. விசாரணையில்லை, வக்கீலில்லை, தீர்ப்பில்லை. 26-ந் தேதி காலையில் பூந்தா பியாங்கா என்ற கடல்முனையில் பதினைந்து பேரும் சுடப்பட்டு, அடையாளமற்ற ஒரே குழியில் புதைக்கப்பட்டனர்.

அந்தச் சமயத்தில் அங்கே டோனா-ஷ்லோபிட்டன் என்ற பிரபு வமிசத்து அதிகாரி ஒருவர் இருந்தார். கொலைக் கட்டளையில் கையொப்பமிடும்படி அவரைக் கேட்டார்கள். அவர் மறுத்தார். இதற்காக அவருக்குக் கிடைத்த தண்டனை என்ன? துப்பாக்கிக் குண்டா, தூக்குக் கயிறா? சைன்யத்திலிருந்து விலக்கப்பட்டார், அவ்வளவே. அவர் 1997-ம் வருஷம் வரை உயிரோடிருந்தார். மறுத்திருந்தால் எங்கள் தலை போயிருக்கும் என்று பிற்காலத்தில் கோர்ட்டுகளில் கண்ணீர் வடித்தவர்களுக்கெல்லாம், அந்த நீண்ட ஆயுளே மறுப்பாக நின்றது.

கேடயம் பிளந்த விதம்

யுத்தம் முடிந்தது. 1945-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி, இத்தாலியிலே அமெரிக்க ராணுவ விசாரணைக் கமிஷன் முன்னால் டோஸ்ட்லர் நிறுத்தப்பட்டார். அவருக்காகத் தோன்றிய வக்கீல்கள் திறமையுடன் வாதித்தார்கள். ஹிட்லருக்குச் சத்தியம் செய்துகொடுத்த சிப்பாய் தன் தலைவன் கட்டளையை எவ்வாறு மீறுவான்? அக்கட்டளையும் பழிக்குப் பழியாகப் பிறந்ததன்றோ? இவையே அவர்கள் வாதத்தின் சாரம்.

நாமும் வக்கீல் தொழில் பார்த்தவர்களாதலால் இவ்வாதத்தை அலட்சியமாகத் தள்ளமாட்டோம். கட்டளைக்குக் கீழ்ப்படியாத சைன்யம் சைன்யமன்று, வெறுங்கூட்டம். ஒவ்வொரு சிப்பாயும் ஒவ்வொரு உத்தரவுக்கும் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. மேலும், பிரிட்டிஷ் ராணுவச் சட்டக் கைநூலே, உத்தரவின்படி நடந்தவன் குற்றவாளியாகான் என்று பல வருஷங்கள் கூறிவந்தது. 1944 ஏப்ரலில் பிரிட்டனும், அதே வருஷம் நவம்பரில் அமெரிக்காவும் தத்தம் புஸ்தகங்களைத் திருத்திக்கொண்டன. ஜயம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு வசதியாகச் செய்த திருத்தம் என்று பிரதிவாதிகள் குத்திக் காட்டியதில் வியப்பில்லை.

ஆனால் ஜெர்மானியரின் சொந்த வீட்டுச் சட்டம் என்ன சொல்லிற்று? உத்தரவு குற்றத்தையே நோக்கமாகக் கொண்டது என்று தெரிந்தும் அதைச் செய்தவன் தண்டனைக்குரியவன் என்று அவர்களுடைய ராணுவத் தண்டனைச் சட்டத்தின் 47-ம் பிரிவு கூறிற்று. ஒவ்வொரு ஜெர்மன் சிப்பாயும் சட்டைப் பையில் வைத்திருந்த சம்பளப் புஸ்தகத்தில் பத்துக் கட்டளைகள் அச்சிட்டிருந்தன. சரணடைந்தவன் எவனையும் கொல்லலாகாது, அவன் ஒற்றனேயானாலும் நியாயஸ்தலமே அவனைத் தண்டிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பிரசார மந்திரி கோயபெல்ஸும் 1944 மே மாதம் நேச தேசத்து விமானிகளைக் கண்டித்து எழுதுகையில், இழிந்த குற்றம் செய்த சிப்பாய் மேலதிகாரியின் கட்டளையைக் காட்டித் தப்ப எந்த யுத்தச் சட்டமும் இடங்கொடுக்கவில்லை என்று முழங்கினார். எதிரிக்கு விதித்த சட்டம் தமக்கு மட்டும் இல்லாமற்போகுமா?

இன்னுமொன்று. உத்தரவு முழுக் கேடயமானால் விளைவு யாது? சுட்ட சிப்பாய் ஆல்மர்ஸைக் காட்டுவான். ஆல்மர்ஸ் டோஸ்ட்லரைக் காட்டுவார். டோஸ்ட்லர் ஹிட்லரைக் காட்டுவார். ஹிட்லரோ 1945 ஏப்ரல் 30-ந் தேதியே தம்மைத் தாம் மாய்த்துக்கொண்டுவிட்டார். பதினைந்து பிணங்கள் இருக்கும்; குற்றவாளி ஒருவரும் இருக்கமாட்டார்! எல்லாப் பொறுப்பையும் ஒரு பிணத்தின் தலையில் ஏற்றிவிட்டு மற்ற அனைவரும் வீட்டுக்குப் போகலாம் என்று கூறும் சட்டத்தைச் சட்டமென்று எவ்வாறு அழைப்பது?

கமிஷன் வாதத்தை நிராகரித்தது. கைதிகள்மேல் பழிவாங்கல் ஜெனீவா ஒப்பந்தத்தால் விலக்கப்பட்டதென்பது ஒரு படைப்பிரிவின் தளபதிக்குத் தெரியாதென்று கூற இடமில்லை. டிசம்பர் 1-ந் தேதி அவெர்ஸாவில் டோஸ்ட்லர் சுடப்பட்டார். உத்தரவை வரைந்து பரப்பிய மேலிடத்தாரும் தப்பவில்லை. நூரம்பர்க் விசாரணையில் கைட்டல், ஜோடல் இருவர்மீதும் நிரூபணமான குற்றங்களில் இக்கட்டளையும் ஒன்று. இருவரும் 1946 அக்டோபர் 16-ந் தேதி தூக்கிலிடப்பட்டனர். அந்த விசாரணைக்கு ஆதாரமான லண்டன் சாஸனத்தின் 8-வது ஷரத்து, உத்தரவு தண்டனையைக் குறைக்கக்கூடும், குற்றத்தைத் துடைக்காது என்று தெளிவாக வகுத்துவிட்டது. இதைவிட நேர்மையான வரம்பு நமக்குத் தெரியவில்லை.

தோழர்களின் தேடல்

நியாயம் தானாக வந்ததென்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அதைத் தேடி நடந்தவர்கள் இருந்தார்கள்.

1944 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, பிரான்ஸ் தேசத்து வோஸ்ஜ் மலைக்காடுகளில், விசேஷ விமானப் படை என்னும் பிரிட்டிஷ் கமாண்டோப் பிரிவினர் பாராசூட்டில் இறங்கிப் போரிட்டனர். அவர்களில் பிடிபட்ட முப்பத்தொருவர் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு உணவும் ஒதுங்கிடமும் அளித்த மூஸே என்ற மலைக்கிராமத்தின் ஆண்மக்களை ஜெர்மானியர் கைதி முகாம்களுக்கு அள்ளிச் சென்றனர். பெரும்பாலோர் திரும்பவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய ஏழைக் குடியானவர்கள் அவர்கள் என்பதையும் நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

காணாமற்போன தம் ஆட்களின் உடல்கள் காகெனௌ என்ற ஜெர்மன் ஊரருகே கிடைத்த செய்தி அப்படையின் தலைவர் கர்னல் பிராங்க்ஸுக்கு எட்டியது. அவர் 1945 மே மாதம் மேஜர் பார்க்வொர்த் என்ற அதிகாரியைச் சில சிப்பாய்களுடன் அங்கே அனுப்பினார். அவர்கள் குழிகளைத் தோண்டினர். உடல்களை அடையாளம் கண்டனர். கிராமத்தாரையும் கைதி முகாம்களிலிருந்த ஜெர்மானியரையும் கண்டு வாக்குமூலம் வாங்கினர். பெயரை மாற்றி ஒளிந்திருந்தவர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்தனர். இதற்கிடையில் 1945 அக்டோபரில் அவர்களுடைய படையே கலைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் யுத்த இலாகாவிலிருந்த கலிட்ஸின் என்ற அதிகாரி அவர்களுக்கு ஆதரவாக நின்றார். கலைந்துபோன படையின் சின்னத்தைத் தலையில் தரித்தபடியே அவர்கள் 1948 வரையில் வேலை செய்தனர்.

சர்க்கார்கள் எப்பொழுதும் அவசரமுள்ளவை. யுத்தம் முடிந்தவுடன் நேற்றைய பகைவன் நாளைய சிநேகிதனாக வேண்டியிருக்கும். பழைய குழிகளைத் தோண்டுவது அசௌகரியமாகிவிடும். நம்மவன் எங்கே விழுந்தான், யார் சுட்டான், யார் சொல்லிச் சுட்டான் என்ற மூன்று கேள்விகளையும் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உடன் நின்ற தோழனும், வீட்டில் காத்திருந்த தாயுமே. அவர்கள் களைத்துப்போனால் கேள்வியும் மாய்ந்துவிடும்.

நின்றுபோன நியாயம்

அந்த அவசரம் எங்கே கொண்டு போய் விட்டதென்பதையும் பார்ப்போம். நார்வே கமாண்டோக்களின் கொலைகளுக்குப் பொறுப்பாளியென்று 1946-ல் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஜெனரல் பால்கன்ஹார்ஸ்டுக்குத் தண்டனை இருபது வருஷச் சிறையாகக் குறைந்தது. 1953-ல் அவர் வெளியே வந்தார். 1944 ஜூலையில் பிரான்ஸில் முப்பது கமாண்டோக்கள் ஒரே காட்டில் சுடப்பட்டதற்காக 1947-ல் மரண தண்டனை பெற்ற ஜெனரல் காலென்காம்ப் 1952-ல் விடுதலையானார். மேற்கு ஜெர்மனியை ருஷ்யாவுக்கெதிராக ஆயுதபாணியாக்க வேண்டிய காலம் அது. பழைய தளபதிகள் சிறையிலிருப்பது ராஜதந்திரத்துக்கு இடைஞ்சலாயிருந்தது. கருணையினால் விடுவித்திருந்தால் நாம் குறைகூறோம். காரியத்துக்காக விடுவித்ததே குறை.

சார்க் தீவுச் சம்பவத்தைப் பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொன்னோமல்லவா? கைகட்டிய கைதிகள் அங்கே மாண்டதற்காக எந்தப் பிரிட்டிஷ் அதிகாரி கூண்டில் நின்றார்? ஜயித்தவர்களின் செய்கைகளை விசாரிக்க நூரம்பர்க்கில் இடமே இருக்கவில்லை. டோக்கியோ விசாரணையில் நம் நாட்டு நீதிபதி ராதாவினோத பால் 1948-ல் தனியாக எழுதிய தீர்ப்பு இந்தக் குறையை உலகத்தின் முகத்துக்கெதிரே எடுத்துக்காட்டிற்று. ஆயினும் இதிலிருந்து சிலர் செய்யும் முடிவை நாம் ஒப்பமாட்டோம். ஜயித்த கொலைகாரன் தப்பிவிட்டான், ஆகையால் தோற்ற கொலைகாரனையும் விட்டுவிடு என்பது நியாயமாகாது. தோற்றவனுக்குச் சொன்ன சட்டத்தை ஜயித்தவனுக்கும் சொல் என்பதே நியாயம்.

அந்தத் திசையில் உலகம் சில அடிகள் வைத்திருக்கிறது. 1949-ம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தங்கள் யுத்தக் கைதியை வேண்டுமென்றே கொல்லுவதைக் கடுங்குற்றமாக்கி, குற்றவாளி எத்தேசத்தவனாயினும் தேடிப்பிடித்து விசாரிக்கும் கடமையை ஒவ்வொரு தேசத்தின்மேலும் சுமத்தின. இந்தியாவும் அவற்றை ஏற்று 1960-ல் சட்டமியற்றியிருக்கிறது. 1998-ம் வருஷத்து ரோம் சாஸனத்தால் ஏற்பட்ட சர்வதேசக் குற்றவியல் கோர்ட்டு, அபயமில்லை என்று அறிவிப்பதையே யுத்தக் குற்றமாகக் கொண்டது. ஆனால் டோஸ்ட்லரை விசாரித்துத் தண்டித்த அமெரிக்கா அந்தக் கோர்ட்டில் சேரவில்லை. நூரம்பர்க்கில் நீதிபதியை அமர்த்திய ருஷ்யாவும் சேரவில்லை. சீனாவும் நம் இந்தியாவும் அப்படியே. வல்லரசுகள் ஆளும் பாதுகாப்புச் சபைக்கு அக்கோர்ட்டின்மேல் அதிகாரம் கொடுத்தது தவறு என்பது நம் சர்க்கார் எழுப்பிய ஆட்சேபங்களில் ஒன்று. ஆட்சேபத்தில் நியாயமுண்டு. ஆட்சேபம் மட்டும் நியாயமாகிவிடாது.

நேயர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. எந்த நாட்டுக் கொடியின் கீழ் நடந்தாலும், நம் கொடியின் கீழேயே நடந்தாலும், கைதியைக் கொன்ற செய்தி வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளை மறவாமல் கேளுங்கள்: உத்தரவில் கையொப்பமிட்டவர் யார்? அதைக் கீழே அனுப்பியவர் யார்? குழியை மூடியவர் யார்? பூந்தா பியாங்காவுக்கு அனுப்பும் கட்டளையில் கையொப்பமிட ஒருவர் மறுத்தார். மறுக்க முடியும் என்பதை அன்றே நிரூபித்துவிட்டார். அவர் ஒருவரால் இயன்றது மற்றவர்களால் இயலவில்லை என்ற சாக்கை இனி எந்த நியாயஸ்தலமும் ஏற்கலாகாது. பொது ஜனங்களாகிய நாமும் ஏற்கலாகாது.